எந்தக் கடனை முதலில் அடைப்பது?

மூன்று நான்கு கடன்களை ஒரே சமயத்தில் கட்டிக்கொண்டிருப்பவர் ஆலோசனை கேட்டால் நேரெதிரான இரண்டு பதில்கள் வரும். "வட்டி அதிகமான கடனை முதலில் முடியுங்கள்" என்பார் ஒருவர். "சின்னக் கடன்களை முதலில் ஒழித்துக்கட்டுங்கள், அப்புறம் பெரியதைப் பார்த்துக்கொள்ளலாம்" என்பார் இன்னொருவர். இரண்டு வழியிலும் மீண்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டவரோ குழம்பிப்போய், மாதக் கடைசியில் மிஞ்சும் பணத்தை எல்லாக் கடனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுகிறார். அப்படிப் பிரித்தால் வட்டியும் முழுதாகக் குறைவதில்லை, எந்தக் கடனும் சீக்கிரம் முடிவதுமில்லை.

இரண்டு பதில்களுக்கும் பின்னால் உள்ள கணக்கைத் தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீரும். கீழே வரும் தொகைகளுக்கு நாணயம் குறிப்பிடவில்லை. எந்தப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

ஒரு தவணைக்குள் நடப்பது

இன்றைய தேதிக்கு இன்னும் கட்ட வேண்டியிருக்கும் தொகை நிலுவை. பெரும்பாலான கடன்களில் மாத வட்டி இந்த நிலுவையின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. ஆண்டுக்கு 36 சதவீதம் என்றால் மாதத்துக்கு 3 சதவீதம். கிரெடிட் கார்டில் 1,00,000 நிலுவை இருந்தால் அந்த மாத வட்டி மட்டும் 3,000. நீங்கள் 5,000 கட்டினால் அதில் 3,000 வட்டிக்குப் போய், 2,000தான் அசலைக் குறைக்கும். 3,000 மட்டும் கட்டினால் அடுத்த மாதமும் நிலுவை அதே 1,00,000. ஒன்றுமே கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி சேர்ந்து, ஓராண்டில் ஏறக்குறைய 42.6 சதவீதம் கூடியிருக்கும். தாமதக் கட்டணம் இதற்கு மேல்.

கார்டில் கேட்கப்படும் குறைந்தபட்சத் தொகையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அது நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நிலுவை குறையக் குறைய அந்தத் தொகையும் குறையும். ஆகவே கடன் கரையும் வேகமும் மெல்ல மெல்லத் தளரும். மாதம் 3 சதவீத வட்டியில், புதிதாக எதுவும் வாங்காமல் இந்தக் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டி வந்தால், கடன் பாதியாகக் குறையவே 32 மாதங்கள் ஆகும். மக்கள் இதை உணர்வதில்லை என்பதால்தான் அமெரிக்காவின் 2009ஆம் ஆண்டு கிரெடிட் கார்டு சட்டம், குறைந்தபட்சத்தை மட்டும் கட்டினால் கடன் தீர எவ்வளவு காலம் ஆகும் என்பதை மாதப் பட்டியலிலேயே அச்சிட வேண்டும் என்று விதித்தது.

இன்னொன்று. கார்டில் முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுபவருக்குக் கிடைக்கும் வட்டியில்லாக் காலம், நிலுவை வைத்திருப்பவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. அவர் வாங்கும் புதுப் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். கடனை அடைக்கும் காலத்தில் அந்தக் கார்டைப் பயன்படுத்தாமல் இருப்பது எந்த முறைக்கும் முதல் நிபந்தனை.

இரண்டு முறைகள், ஒரே எலும்புக்கூடு

வட்டி அதிகமானதை முதலில் தீர்ப்பதற்கு அவலாஞ்ச், அதாவது பனிச்சரிவு முறை என்று பெயர். நிலுவை சிறியதை முதலில் தீர்ப்பது ஸ்நோபால், அதாவது பனிப்பந்து முறை. பெயர்கள் எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடிப்படை விதிகள் ஒன்றே:

1. எல்லாக் கடன்களுக்கும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுவது.
2. அதற்கு மேல் கையில் இருக்கும் உபரி முழுவதையும் ஒரே ஒரு கடனுக்குப் போடுவது.
3. அந்தக் கடன் தீர்ந்ததும், அதற்குக் கட்டிவந்த தொகை முழுவதையும் அடுத்த கடனுக்குத் திருப்பிவிடுவது. மாதம் கட்டும் மொத்தத் தொகையைக் கடைசிக் கடன் தீரும்வரை குறைக்கக் கூடாது.

மூன்றாவது விதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு கடன் முடிந்ததும் அந்தத் தவணைப் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடுகிறது. அப்படிக் கரைந்தால் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தோம் என்பதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

தொடங்கும் முன் ஒரு சிறு தொகையை அவசரத்துக்கு ஒதுக்கிவைப்பதும் நல்லது. ஒரு மருத்துவச் செலவோ வண்டிப் பழுதோ வந்தால், அதற்காக மறுபடி அதே 36 சதவீதக் கார்டைத் தேய்க்க வேண்டிய நிலை வரக் கூடாது. ஆனால் குறைந்த வட்டி தரும் சேமிப்பில் பெரிய தொகையை வைத்துக்கொண்டு 36 சதவீதத்துக்குக் கடன் கட்டிக்கொண்டிருப்பது நஷ்டம். சேமிப்பைக் காப்பாற்றுகிறோம் என்ற நிம்மதிக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம்.

வித்தியாசம் எவ்வளவு? ஒரு கணக்கு

ஒருவருக்கு மூன்று கடன்கள்:

- கிரெடிட் கார்டு: நிலுவை 1,00,000, ஆண்டு வட்டி 36 சதவீதம், மாதம் கட்ட வேண்டியது 5,000
- தனிநபர் கடன்: நிலுவை 60,000, வட்டி 15 சதவீதம், தவணை 3,000
- பொருள் வாங்கிய தவணைக் கடன்: நிலுவை 20,000, வட்டி 12 சதவீதம், தவணை 2,000

கட்டாயமாகக் கட்ட வேண்டியது 10,000. அவரால் மாதம் 15,000 ஒதுக்க முடியும். ஆக, உபரி 5,000. கணக்கு எளிதாக இருக்க, கார்டின் குறைந்தபட்சத்தை மாறாத 5,000 என்றே வைத்துக்கொள்வோம்.

பனிச்சரிவு முறையில் உபரி முழுவதும் கார்டுக்குப் போகும். 11ஆம் மாதம் பொருள் கடன் தன் தவணையிலேயே முடியும். 12ஆம் மாதம் கார்டு தீரும். 14ஆம் மாதம் எல்லாம் முடியும். மொத்த வட்டி 29,414.

பனிப்பந்து முறையில் உபரி முதலில் 20,000 கடனுக்கு. 3ஆம் மாதமே அது தீர்ந்துவிடும். 9ஆம் மாதம் தனிநபர் கடனும் தீரும். கார்டு 15ஆம் மாதம் தீரும். மொத்த வட்டி 36,815.

வித்தியாசம் 7,401. ஒரு மாதம் கூடுதல். அலட்சியப்படுத்தக்கூடிய தொகை இல்லை, ஆனால் சிலர் பயமுறுத்தும் அளவுக்கும் இல்லை. அதே நேரம் முதல் முறையில் 10 மாதங்கள் வரை ஒரு கடன்கூட முடியாமல் மூன்றும் அப்படியே நின்றுகொண்டிருக்கும். இரண்டாவதில் 9ஆம் மாதத்தில் ஒரே ஒரு கடன்தான் மிச்சம்.

இப்போது மூன்றாவது ஒரு வரிசையைப் பாருங்கள். முதலில் 20,000 கடனைத் தீர்க்கிறோம், அப்புறம் நேரே கார்டுக்குப் போகிறோம், கடைசியில் தனிநபர் கடன். 3ஆம் மாதம் முதல் கடன் தீரும், 12ஆம் மாதம் கார்டு தீரும், 15ஆம் மாதத்தில் வெறும் 1,381 கட்டி எல்லாவற்றையும் முடிக்கலாம். மொத்த வட்டி 31,381. அதாவது பனிச்சரிவை விட 1,967 மட்டுமே அதிகம். பனிப்பந்து முறையில் செலவு கூடியதற்குப் பெரும் காரணம் அந்தச் சின்னக் கடன் இல்லை. 36 சதவீதக் கார்டைக் காத்திருக்க வைத்துவிட்டு 15 சதவீத, 60,000 கடனை முன்னால் கொண்டுவந்ததுதான் காரணம்.

எனவே "இந்த முறையா, அந்த முறையா" என்று ஒட்டுமொத்தமாகக் கேட்பதை விட, ஒவ்வொரு கடனையும் முன்னால் கொண்டுவர என்ன விலை என்று கேட்பது நல்லது. தோராயமாக அறிய ஒரு வழி உண்டு. அந்தச் சின்னக் கடனின் நிலுவையை, இரண்டு கடன்களின் மாத வட்டி வித்தியாசத்தாலும், சாதாரணத் தவணையில் அது முடிய இருக்கும் மாதங்களாலும் பெருக்கிப் பாதியாக்குங்கள். நம் எடுத்துக்காட்டில் 20,000, 2 சதவீதம், 11 மாதம்: பெருக்கினால் 4,400, பாதி 2,200. உண்மையான விலை 1,967. இந்தத் தோராயம் கொஞ்சம் தூக்கலாகவே காட்டும். முடிவெடுக்க அது போதும்.

உபரியின் அளவும் வரிசைக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. அதே பனிப்பந்து முறையில் மாதம் 15,000க்குப் பதில் 17,000 கட்டினால் வட்டி 36,815இலிருந்து 32,098ஆகக் குறையும், 13ஆம் மாதமே எல்லாம் முடியும். வரிசையைப் பற்றி வாரக்கணக்கில் யோசிப்பவர், அந்த நேரத்தில் ஒரு செலவைக் குறைக்கவோ ஒரு பொருளை விற்கவோ முடியுமா என்று பார்ப்பது வீண் போகாது.

மனசு எங்கே கணக்கில் வருகிறது

வட்டி மட்டுமே கணக்கு என்றால் பனிச்சரிவுதான் எப்போதும் மலிவு. விவாதத்துக்கே இடமில்லை. ஆனால் கடன் அடைப்பது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. பாதியில் விட்டுவிட்டால் மலிவான திட்டத்தால் என்ன பயன்?

இதைப் பற்றிய ஆய்வுகள் சுவாரசியமானவை. 2011இல் 'ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் ரிசர்ச்' இதழில் வந்த ஓர் ஆய்வு, பல கடன்கள் உள்ளவர்கள் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கவே துடிக்கிறார்கள், வட்டி அதிகமான கடன் பின்னால் தள்ளப்படுகிறது என்று காட்டி, இதை ஒரு பிழையாகச் சொன்னது. அடுத்த ஆண்டே அதே இதழில் டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் இருவரும் மறுபக்கத்தைக் காட்டினார்கள். கடன் தீர்வுத் திட்டம் ஒன்றில் சேர்ந்தவர்களின் தரவுகளைப் பார்த்தபோது, கணக்குகளை ஒவ்வொன்றாக மூடியவர்களே முழுக் கடனையும் தீர்த்து முடிப்பதற்கான வாய்ப்பு அதிகமாக இருந்தது. மூடிய கணக்குகளின் தொகை சிறியதா பெரியதா என்பது அதில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

2016இல் 'ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்' இதழில் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. பணத்தைப் பல கணக்குகளுக்குப் பிரித்துப் போடுவதை விட ஒரே கணக்கில் குவிப்பது ஊக்கத்தைக் கூட்டுகிறது என்றது. நிஜத்தில் மக்கள் எப்படிக் கட்டுகிறார்கள்? ஒன்றுக்கு மேற்பட்ட கார்டு வைத்திருக்கும் பிரிட்டன் மக்களின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' வெளியிட்ட கட்டுரை, அவர்கள் வட்டியைப் பார்த்துக் கட்டுவதில்லை என்று கண்டது. எந்தக் கார்டில் நிலுவை எவ்வளவோ அந்த விகிதத்தில் பிரித்துக் கட்டுகிறார்கள். இங்கே தொடக்கத்தில் நான் சொன்ன பிரித்துப் போடும் பழக்கம் இதுதான்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றும் தீர்ப்பு இது: இரண்டு மூன்று மாதங்களில் தீர்க்கக்கூடிய சின்னக் கடன் இருந்தால், அதை முதலில் முடிப்பதன் விலை பொதுவாகத் தாங்கக்கூடியது. முடித்துவிடலாம். அதற்கு அப்பால் வட்டி வரிசையிலேயே போவது நல்லது. ஏற்கெனவே ஒருமுறை திட்டம் போட்டுக் கைவிட்டவர், சின்னக் கடன்களின் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாலும் தவறில்லை. கூடுதலாகப் போகும் வட்டியை அவர் தன்னைத் திட்டத்தில் நிறுத்திவைக்கக் கொடுக்கும் கட்டணமாக எடுத்துக்கொள்ளலாம். எல்லாக் கடன்களின் வட்டியும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சின்னதிலிருந்தே தொடங்கலாம்.

பட்டியலில் எழுதும் வட்டி உண்மையானதா?

வட்டி வரிசை போடுவதற்கு முன் ஒவ்வொரு கடனின் வட்டியும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும். இங்கேதான் ஃபிளாட் வட்டி ஏமாற்றும். ஃபிளாட் வட்டியில், தொடக்கத்தில் வாங்கிய முழு அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள், நீங்கள் பாதியை அடைத்துவிட்டிருந்தாலும்.

1,00,000 கடன், மூன்று ஆண்டுகள், ஃபிளாட் 12 சதவீதம். வட்டி மொத்தம் 36,000. தவணை 3,778. நிலுவையின் மேல் மட்டும் வட்டி போடும் கடனாக இதை மாற்றிக் கணக்கிட்டால் உண்மையான ஆண்டு வட்டி ஏறக்குறைய 21 சதவீதம். 12 என்று நம்பி இதைப் பட்டியலின் அடியில் வைத்தவர், 18 சதவீதக் கடனுக்குப் பின்னால் இதைத் தவறாக நிறுத்தியிருப்பார்.

ஆனால் இதிலேயே ஒரு மறுபக்கம் இருக்கிறது. சில ஒப்பந்தங்களில் ஃபிளாட் கடனை முன்கூட்டியே அடைத்தாலும் மீதி வட்டியைத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள். அப்படியானால் அங்கே உபரியைப் போடுவதில் எந்த மிச்சமும் இல்லை. அதைத் தவணைப்படி ஓடவிட்டு, பணத்தை வேறு கடனுக்கு அனுப்புவதே சரி. முன்கூட்டி அடைப்பதற்கு அபராதக் கட்டணம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். மிச்சமாகும் வட்டியிலிருந்து அதைக் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும்.

"கடைசித் தவணைகளில் வட்டியே இல்லை, அதனால் முடியப்போகும் கடனை முன்கூட்டி அடைப்பது வீண்" என்றும் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை. நிலுவைக்கு வட்டி போடும் கடனில், நீங்கள் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு நூறுக்கும் அந்த மாதம் மிச்சமாகும் வட்டி கடனின் முதல் ஆண்டிலும் கடைசி ஆண்டிலும் ஒன்றேதான். கடைசியில் மாதங்கள் குறைவாக இருப்பதால் மொத்த மிச்சம் சிறியதாகத் தெரிகிறது. ஆகவே ஒப்பிட வேண்டியது வட்டி விகிதத்தை மட்டுமே, கடனின் வயதை அல்ல.

வரிசையை மீறும் கடன்கள்

வட்டியும் தொகையும் என்ன சொன்னாலும், சில கடன்களைத் தனியே எடுத்துவைக்க வேண்டும்.

1. தவறினால் வீடோ, பிழைப்புக்கான வண்டியோ கருவியோ பறிபோகும் கடன். அதன் தவணை எப்போதும் முதலில். ஆனால் உபரியை அதற்குப் போட வேண்டிய கட்டாயம் இல்லை.
2. சலுகைக் காலம் முடியப்போகும் கடன். இன்று வட்டி பூஜ்யம், குறிப்பிட்ட தேதிக்குப் பின் உயர் வட்டி. சில ஒப்பந்தங்களில் கெடுவுக்குள் முழுதாகக் கட்டாவிட்டால் முதல் நாளிலிருந்தே வட்டி சேர்த்துவிடுவார்கள். இதற்கு வரிசை வட்டியால் அல்ல, தேதியால். நிலுவையை மீதமுள்ள மாதங்களால் வகுத்து, அந்தத் தொகையையே இதன் குறைந்தபட்சமாக எழுதிக்கொள்ளுங்கள்.
3. உறவினர், நண்பர் கொடுத்த கைமாற்று. வட்டி இல்லை என்பதால் பட்டியலில் கடைசிக்குப் போய்விடும். கொடுத்தவருக்கு அந்தப் பணம் இப்போது தேவைப்படுகிறதா என்று அவரிடமே நேரில் கேட்பது மரியாதை. ஒரு சிறு மாதத் தொகையையாவது ஒத்துக்கொண்டு கட்டினால் உறவு கசக்காது.

எல்லாவற்றையும் ஒரே கடனாக்குவது

பல கடன்களைக் குறைந்த வட்டியில் ஒன்றாகச் சேர்க்கும் யோசனை கேட்க இனிமையாக இருக்கும். வட்டியோடு சேர்த்துக் காலத்தையும் பார்க்க வேண்டும். 1,00,000 கடன் 24 சதவீத வட்டியில், இரண்டு ஆண்டுகளில் முடியும்படி இருக்கிறது. தவணை 5,287, மொத்த வட்டி சுமார் 26,900. இதை 15 சதவீதத்துக்கு மாற்றி ஐந்து ஆண்டுகளாக்கினால் தவணை 2,379 என்று பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் மொத்த வட்டி சுமார் 42,700. வட்டி விகிதம் குறைந்தும் செலவு கூடியிருக்கிறது!

அதே 15 சதவீதக் கடனுக்குப் பழைய 5,287ஐயே கட்டிவந்தால் 22ஆவது மாதத்தோடு கடன் முடியும், வட்டி 15,000ஐத் தாண்டாது. மாற்றுவதற்கான கட்டணத்தைச் சேர்த்தும் இந்த லாபம் நின்றால் தாராளமாக மாற்றலாம். காலியான பழைய கார்டுகளை மறுபடி நிரப்பாமல் இருக்க முடியும் என்ற உறுதியும் வேண்டும்.

குறைந்தபட்சமே எட்டாதபோது

மேலே சொன்ன எல்லாமே கையில் உபரி இருப்பவருக்கு. வருமானத்தில் அன்றாடச் செலவு போக மிஞ்சுவது குறைந்தபட்சத் தொகைகளின் கூட்டலுக்கே போதவில்லை என்றால், பனிச்சரிவும் பனிப்பந்தும் உதவாது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்க வேண்டிவருவது இதன் தெளிவான அறிகுறி. அப்போது செய்ய வேண்டிய வேலையே வேறு: தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசி, காலத்தை நீட்டவோ வட்டியைக் குறைக்கவோ கேட்பது. தவறிய பின் கேட்பதை விட முன்பே கேட்பவருக்குப் பேரம் பேச இடம் அதிகம். ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பல நாடுகளில் இலவசக் கடன் ஆலோசனை மையங்களும், கட்டவே முடியாத நிலைக்குத் திவால் சட்டப் பாதுகாப்பும் இருக்கின்றன. அவற்றை நாடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பேச்சு நடக்கும் மாதங்களில் கையில் உள்ள பணம் முதலில் உணவு, மருந்து, இருப்பிடம் ஆகியவற்றுக்கும், அடுத்து வீட்டையும் பிழைப்பையும் ஈடாகக் கொண்ட கடனுக்கும் போக வேண்டும். ஈடு இல்லாத கார்டும் தனிநபர் கடனும் அதற்குப் பின்னால்தான், அவற்றின் வட்டி எவ்வளவு அதிகமாக இருந்தாலும், அவற்றுக்காக வரும் தொலைபேசி அழைப்புகள் எவ்வளவு கடுமையாக இருந்தாலும்.